குட்டியானை சைஸ் வண்டி: சொந்தச் சரக்குக்கு மஞ்சள் போர்டு வேணுமா? பர்மிட், பாடி, எழுத்து பற்றிய சந்தேகங்கள்

பனியன்_யூனிட்_திருப்பூர்:
யூனிட்டுக்குச் சின்ன லோடு வண்டி ஒன்று எடுக்கப்போகிறோம். நிட்டிங்கிலிருந்து டையிங், அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு யூனிட். எல்லாம் எங்கள் துணிதான், வாடகைக்கு ஓட்டும் எண்ணமில்லை. மாதம் ஒருமுறை பெங்களூரு போகும். கேள்விகள்:

1. சொந்தச் சரக்கு மட்டும்தான் என்பதால் வெள்ளை போர்டில் பதிவு செய்ய முடியுமா?
2. "ஒன்றரை டன் வண்டிக்குப் பர்மிட் வேண்டாம்" என்கிறார்கள். வேறு மாநிலத்துக்கும் அது செல்லுமா?
3. மழையில் துணி நனையக்கூடாது. ஷோரூம் தொட்டியோடு எடுப்பதா, கேபின் சேஸ் (தொட்டியில்லாமல் கேபினும் அடிச்சட்டமும் மட்டும்) எடுத்து வெளியே மூடிய பாடி கட்டுவதா?
4. வண்டியில் கட்டாயம் என்னென்ன எழுத வேண்டும், ஒட்ட வேண்டும்?

ஆர்சி_புக்:
முதல் கேள்விக்கு நேரடி பதில்: முடியாது. யாருடைய சரக்கு என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, வண்டி எதற்காகக் கட்டப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(14) பிரிவுப்படி, சரக்கு ஏற்றவென்றே கட்டப்பட்ட வண்டி சரக்கு வாகனம். சரக்கு வாகனம் எதுவும் போக்குவரத்து வாகனம். ஆகவே மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. இசுசு வி-கிராஸ் மாதிரி இரட்டைக் கேபின் பிக்கப்பை வெள்ளை போர்டில் பார்த்துவிட்டுத்தான் பலர் இதைக் கேட்கிறார்கள். அது தனிநபர் வாகனமாகவே ஒப்புதல் வாங்கி விற்கப்படுவது, உங்கள் தேவைக்கு ஒப்பிட உதவாது.

மின்சார வண்டி எடுத்தால் பலகை பச்சை, எழுத்து மஞ்சள். 2018 அக்டோபர் அறிவிக்கையின்படி பேட்டரி வண்டிக்குப் பர்மிட்டும் வேண்டாம். ஊருக்குள் மட்டும் ஓடுவதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பர்மிட்டில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 66(3) பிரிவு விலக்குத் தருவது மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு. மொத்த எடை என்றால் வண்டியும் லோடும் ஆளும் சேர்ந்தது. "ஒன்றரை டன் வண்டி" என்று விற்பவர் சொல்வது ஏற்றும் எடையை. 2,900 சொச்சத்தில் நிற்கும் மாடலும் உண்டு, ஏறக்குறைய அதே தோற்றத்தில் 3,490 வரும் மாடலும் உண்டு. இரண்டாவதுக்குப் பர்மிட் தேவை. கொட்டேஷனில் மொத்த எடையை எழுதி வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

விலக்கு மத்தியச் சட்டத்தில் இருப்பதால் ஓசூர் தாண்டினாலும் அதே விலக்குதான். 3,000க்கு மேல் போனால் கதை வேறு. மாநில பர்மிட் 5 ஆண்டு. வெளி மாநிலம் போக நேஷனல் பர்மிட், அதற்கு ஆண்டுக்கு 16,500 ரூபாய் கூட்டுக் கட்டணம். மாதம் ஒரு பெங்களூரு நடைக்கு இது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. 3,000க்குள் நில்லுங்கள்.

பதிவுக்கு: படிவம் 20 விண்ணப்பம், 21 விற்பனைச் சான்று, 22 தயாரிப்பாளரின் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று. கடன் இருந்தால் ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி கடனில் இருக்கிறது என்ற குறிப்பு) ஏறும். கடன் முடிந்ததும் படிவம் 35 வாங்கி அதை நீக்கிவிடுங்கள். பலர் தவணை முடிந்த கையோடு மறந்துவிட்டு, விற்கும்போது ஃபைனான்ஸ் ஆபீசைத் தேடி அலைகிறார்கள்.

தொட்டி_கட்டுபவர்:
மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். கம்பெனியே முழுதாகக் கட்டிக் கொடுக்கும் வண்டிக்குப் பதிவு நாளிலிருந்து 2 ஆண்டு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) இருப்பதாகவே கணக்கு. புதிதில் தனியாக எஃப்.சி.க்கு நிற்க வேண்டாம். கேபின் சேஸாக எடுத்தால் தற்காலிகப் பதிவு எண்ணோடு பட்டறைக்கு வர வேண்டும். படிவம் 22க்குப் பதில் 22ஏ: முதல் பகுதி கம்பெனி தருவது, இரண்டாம் பகுதி பாடி கட்டியவர் கையெழுத்திட்டுத் தருவது. அதன் பிறகு இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துத்தான் பதிவு. அந்த இரண்டாம் பகுதியைத் தர முடியாத பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள். பாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வண்டி பதிவாகாமல் நிற்கும்.

அதைவிட முக்கியம் எடை. சும்மா ஒரு கணக்கு: மொத்த எடை 2,800, திறந்த தொட்டியோடு வெறும் வண்டி 1,300. மிச்சம் 1,500. ஆனால் வெறும் எடையில் டிரைவரும் கூட வருபவரும் சேரமாட்டார்கள், 2(48) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இரண்டு பேருக்கு 150 கழியுங்கள், 1,350. மூடிய பாடி திறந்த தொட்டியைவிட 250 கிலோ கூடுதல் என்றால் கையில் நிற்பது 1,100. பாடி கனமானதற்காக மொத்த எடையை யாரும் உயர்த்தித் தரமாட்டார்கள். துணி ரோல் பார்க்கத்தான் சிறிது, அதிலும் டையிங்கிலிருந்து ஈரத்தோடு ஏற்றினால் எடை எங்கேயோ போய்விடும். மீட்டர் கணக்கை நம்பாமல் எடைமேடை ரசீதை நம்புங்கள்.

ஓவர்லோடுக்கு 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. கூடுதல் சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டி நகரும். சின்ன வண்டி என்று அடிப்படைத் தொகையில் சலுகை கிடையாது.

நீளத்துக்கும் வரம்பு உண்டு. பின் அச்சுக்குப் பின்னால் நீட்டல் வீல்பேஸில் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம்) 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இடம் வேண்டும் என்று பின்பக்கம் ஓர் அடி இழுத்தால், எஃப்.சி.யில் மாட்டுவது ஒருபுறம், முன் சக்கரம் லேசாகி ஏற்றத்தில் ஸ்டியரிங் பிடி தளரும். ரோல் லோடுக்கு முன்சுவரில் தட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள், பிரேக் அடித்தால் ரோல் கேபினை இடிக்காது.

பலகை_பெயிண்டர்:
எழுத்து விஷயம்.

நம்பர் பிளேட் உயர்பாதுகாப்புப் பலகைதான், 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிக்கு டீலரே மாட்டித் தர வேண்டும். இடது மேல் மூலையில் குரோமியம் ஹோலோகிராம், கீழே லேசரில் நிரந்தர எண், கழற்றினால் உடைந்துவிடும் பூட்டு. எழுத்து உயரம் 65 மி.மீ., தடிமன் 10, இடைவெளி 10. முன், பின் பலகை போக மூன்றாவதாக ஒரு ஸ்டிக்கர் முன் கண்ணாடிக்கு உள்ளே: டீசலுக்கு ஆரஞ்சு, பெட்ரோல், சி.என்.ஜி.க்கு வெளிர் நீலம், பி.எஸ். 6 (புகை மாசு வரம்பின் தரநிலை) என்றால் மேலே பச்சைப் பட்டை. கண்ணாடி மாற்றினால் இந்த ஸ்டிக்கரும் போய்விடும், மறக்காமல் புதிதாக வாங்குங்கள்.

போக்குவரத்து வாகனம் என்பதால் முன், பின் பலகையோடு இரண்டு பக்கவாட்டிலும் பதிவு எண் எழுத வேண்டும். ஆங்கில எழுத்து, வழக்கமான எண்கள். தமிழில் எழுத ஆசை இருந்தால் கம்பெனி பெயரைத் தமிழில் எழுதுங்கள், எண்ணை அல்ல. இடப்பக்கம் உரிமையாளர் பெயர், ஊர், வெறும் எடை, மொத்த எடை. இந்த எடைகள் ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பாடி கட்டிய வண்டியில் பழைய கம்பெனி எடையையே எழுதிவைத்துத் திருப்பி அனுப்பப்படுவது அடிக்கடி நடக்கும் கூத்து. "பப்ளிக் கேரியர்" என்று நெற்றியில் எழுதுவது 1939 சட்டக் காலத்துப் பழக்கம். இப்போது அந்தப் பிரிவே இல்லை, ஆனாலும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒளிரும் டேப்: முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு, பக்கத்தில் மஞ்சள். டேப்பின் மேலேயே ஏ.ஐ.எஸ். 090 என்ற தரநிலையின் ஒப்புதல் அச்சாகியிருக்க வேண்டும். மலிவு டேப் இரண்டு மழைக்கு உரிந்துவிடும். ஒட்டும் இடத்தைத் தின்னர் போட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ரிவிட் தலை மேல் ஒட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கும், அங்கே டேப்பை வெட்டி விட்டு ஒட்டுவதே சரி.

லோடு_மேன்_77:
டிரைவருக்குப் பேட்ஜ் (மஞ்ச போர்டு ஓட்ட லைசென்ஸ்ல வாங்குற தனி ஒப்புதல்) இருக்கணும் அண்ணா, அதை யாரும் சொல்லலையே. சாதா எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) லைசென்ஸ் வெச்சு மஞ்ச போர்டு ஓட்டுனா இன்சூரன்ஸ் கிடைக்காது.

ஆர்சி_புக்:
தம்பி, அது பழைய கதை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. லைசென்ஸில் ஓட்டலாம், தனி ஒப்புதல் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்துவிட்டது. அபாயகரமான சரக்கு ஏற்றினால் மட்டும் தனி விதி. சாயக் கெமிக்கல் டிரம் ஏற்றும் எண்ணம் இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் நிஜமாகவே மாட்டும் இடம் எஃப்.சி.தான். 56ஆம் பிரிவுப்படி எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வாகனம் பதிவு செய்ததாகவே கருதப்படாது. 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். புகைச் சான்று முதல் ஓராண்டுக்குத் தேவையில்லை, பிறகு பி.எஸ். 6 வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை.

பனியன்_யூனிட்_திருப்பூர்:
மிக்க நன்றி. மூடிய பாடி ஷோரூமிலேயே கிடைத்தால் அதையே எடுக்கிறோம். இன்னும் இரண்டு: ஸ்பீடு கவர்னர் தனியாக மாட்டணுமா? சில நேரம் 12 அடி ரேக் பைப் ஏற்ற வேண்டிவரும், பின் கதவைத் திறந்துவிட்டு ஓட்டலாமா?

தொட்டி_கட்டுபவர்:
கவர்னர்: 118ஆம் விதிப்படி சரக்கு வண்டிக்கு 80 கி.மீ. வரம்பு, புது வண்டியில் கம்பெனியே வைத்துத் தரும். அதிகபட்ச வேகமே 80க்குள் என்று சோதனை மையம் சான்றளித்த மாடலுக்கு அதுவும் வேண்டாம். ஷோரூமில் எந்த வகை என்று கேட்டு அந்தத் தாளை வண்டியிலேயே வையுங்கள்.

பைப்: கூடாது. முன்பு பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்ட விட்டிருந்த விதியை 2014இல் எடுத்துவிட்டார்கள், சிவப்புத் துணி கட்டினாலும் செல்லாது. திறந்த தொட்டி வண்டியில் பின் கதவைத் தொங்கவிட்டால் பல மாடல்களில் நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறைந்துபோகும், அது தனி வழக்கு. பைப்பை ஆறடியாக வெட்டி வாங்கி ஊரில் சாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது அந்த நடைக்கு மட்டும் பெரிய வண்டியை வாடகைக்குப் பிடியுங்கள்.

ஆர்சி_புக்:
வாங்கியவுடன் ஃபாஸ்டேக்கையும் பாருங்கள். குட்டியானை வகைக்கு மினி எல்.சி.வி. (சிறிய இலகு ரக வணிக வண்டி) என்று தனிப்பிரிவு உண்டு, எண் 20, கட்டணம் கார் அளவுதான். தவறிப்போய்ச் சாதாரண எல்.சி.வி.யில் ஏற்றிவிட்டால் ஒவ்வொரு டோலிலும் கூடப் பிடிக்கும். முதல் பெங்களூரு நடை முடிந்ததும் குறுஞ்செய்தியில் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, கூடுதல் என்றால் ஆர்.சி. நகலோடு டேக் கொடுத்த வங்கிக்கு அன்றே எழுதுங்கள்.