பழைய ஜீப்புக்குக் கடைந்த முன் ஹப்: வளைவு தாண்டினால் பெடல் இறங்குகிறது, இறக்கத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது – உதவி தேவை

அம்பாசமுத்திரம் ஜீப்

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்ட பழைய மகிந்திரா ஜீப். மணிமுத்தாறு, பாபநாசம் பக்கத்து அடிவாரத் தோட்டங்களுக்கும், அனுமதி கிடைக்கும்போது மாஞ்சோலைச் சாலைக்கும் அதைத்தான் எடுத்துப் போகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடையைக் கடந்து கரையேறினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து, அதன்பின் சில மிதிகளுக்குப் பிரேக் பிடிப்பதே இல்லை. நீண்ட இறக்கத்திலோ டிரம் சூடேறி, பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. ஆகவே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட முடிவு செய்து, மாருதி ஜிப்சியின் முன் டிஸ்க்குகளையும், பேடை (உராய்வுக் கட்டை) டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பர்களையும் வாங்கினோம். இரண்டு வண்டிகளுக்கும் ஐந்து ஸ்டட் (சக்கரம் பூட்டும் மரையாணி), 139.7 மி.மீ. பிசிடி (ஸ்டட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) என்பது ஒன்றாக இருந்தாலும், ஜீப் ஹப்பின் (பேரிங்மேல் சுற்றி, சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதி) முகம் டிஸ்க் உட்கார வேண்டிய இடத்தில் இல்லை. அதனால் இஎன்8 எஃகு ராடிலிருந்து புதிதாக இரண்டு ஹப்புகளைக் கடைந்து வாங்கிப் பூட்டினோம். பேரிங் இரு பக்கமும் பழைய எண்தான்: கோன் (உள் வளையம்) 18590, கப் (வெளி வளையம்) 18520. பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை, இரண்டு தனித்தனி ஆயில் வழிகள் உள்ள இரட்டைச் சுற்று வகையாக மாற்றிவிட்டோம்.

இப்போது மூன்று தொல்லைகள் உள்ளன. சமதளத்தில் பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் இரண்டு மூன்று கூர்மையான வளைவுகளைத் தாண்டிய பிறகு மிதித்தால், முதல் மிதியில் பெடல் பாதிக்குமேல் இறங்கிவிடுகிறது, இரண்டாவது மிதியில் கல்லாக நிற்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி வந்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, பெடலும் காலடியில் துடிக்கிறது. மூன்றாவதாக, பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவந்து நிறுத்தினாலும் இடது ஹப் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. வலது வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. ஏர் எடுத்தாயிற்று, பேட் புதியது, டிஸ்க்குகளை முகம் எடுத்தாயிற்று, டை ராட் முனைகளிலும் கிங் பின் பேரிங்குகளிலும் ஆட்டமில்லை. கோளாறு காலிப்பர் பக்கமா, மாஸ்டர் சிலிண்டரிலா, அல்லது கடைந்த ஹப்பிலேயேவா என்று எப்படிப் பிரித்தறிவது?

தென்காசி மெக்கானிக்

சூடேறுவதை முதலில் பார்ப்போம். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை எப்போதும் நிறுத்திவைக்கும் ஒரு வால்வு இருக்கும். டிரம்மில் ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் உண்டு என்பதால் அது தொல்லை தராது. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. அந்த அழுத்தம் பேடை டிஸ்க்கின்மேல் உரசவைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த வால்வு தங்கியிருந்தால் இரண்டு முன்சக்கரங்களும் சுட வேண்டும். உங்களுக்கு இடது மட்டும் சுடுவதால், அந்தப் பக்கத்திலேயே தேடுங்கள்.

இடது சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி, பெடலை அழுத்தி விட்டுவிட்டுச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் ஏர் எடுக்கும் திருகான பிளீடர் நிப்பிளைச் சற்றே திறவுங்கள். ஆயில் பீய்ச்சி உடனே சக்கரம் இலகுவானால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதி அடைத்திருக்கலாம். திறந்த பிறகும் அதே இறுக்கம் என்றால் காலிப்பரின் சறுக்குப் பின்னோ, பேரிங்கோ, ஹப்போதான். இதைப் பார்க்காமல் எந்தச் சாமானையும் காசு கொடுத்து மாற்றாதீர்கள்.

பேட்டை லேத்

தம்பி, தென்காசிக்காரர் சொன்ன சோதனையைச் செய்துவிடுங்கள். ஆனால் வளைவு தாண்டியதும் பெடல் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஆயில் பக்கத்துக் குணமன்று. வளைவில் வண்டியின் பாரம் சக்கரத்தின் மேல் பக்கவாட்டில் விழுகிறது. அப்போது ஹப் தன் பேரிங்மேல் சாய்ந்தால் டிஸ்க்கும் கூடவே சாய்ந்து, பேடையும் அதன் பின்னுள்ள பிஸ்டனையும் காலிப்பருக்குள் தள்ளிவிடுகிறது. அடுத்த மிதியின் ஆயில் முழுவதும் அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகிறது; இரண்டாம் மிதியில்தான் பேட் டிஸ்க்கைத் தொடுகிறது. இறக்கத்தில் உதறுவதும் பெரும்பாலும் இதே குடும்பத்து நோய்தான்.

ஆகவே நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை எடுங்கள். காலிப்பரைக் கழற்றி, கேஜின் காந்த அடியை, சக்கரத்தோடு சுற்றாத நக்கிளில் ஒட்டி, பேரிங் நட்டை ஆட்டம் முழுவதும் போகும்வரை மட்டும் தற்காலிகமாக இறுக்கிக்கொள்ளுங்கள். ஆட்டத்தோடு எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு முதலில் ஹப்பின் வெறும் முகத்தில் முள்ளை வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பிறகு டிஸ்க்கைப் பூட்டி, ஐந்து நட்டுகளையும் வாஷர் வைத்துச் சமமாக இறுக்கி, வெளி விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே அளவு எடுங்கள். உயர்ந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பின்னர் டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளிப் பூட்டி மறுபடி சுற்றுங்கள். உயரம் ஹப்பின் அதே இடத்தில் நின்றால் குற்றம் ஹப்பில். டிஸ்க்கோடு சேர்ந்து நகர்ந்தால் டிஸ்க்கில். என் கணக்கில், ஹப் முகம் 0.05 மி.மீ.க்குள்ளும், டிஸ்க் விளிம்பு 0.10-க்குள்ளும் ஓட வேண்டும். அளவு வரும்வரை இந்த வண்டியை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அம்பாசமுத்திரம் ஜீப்

மிக்க நன்றி அண்ணாச்சி. நிப்பிளைத் திறந்த பிறகும் இடது சக்கரத்தின் இறுக்கம் மாறவில்லை. சறுக்குப் பின்கள் விரலால் தள்ளினாலே நகர்கின்றன. டயல் கேஜில் வலது ஹப் முகம் 0.04, அதன் டிஸ்க் விளிம்பு 0.08. இடது ஹப் முகம் 0.14, டிஸ்க் விளிம்பு 0.26. டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளிப் பூட்டியபோதும் சாக்பீஸ் கோடு ஹப்பின் அதே ஸ்டட் அருகிலேயே நின்றது.

அதன்பின் இடது ஹப்பைக் கழற்றினோம். வெளிப் பக்கத்து கப், பித்தளை ராடு வைத்துத் தட்டாமலே, கையால் இழுத்ததும் வந்துவிட்டது. கப்பின் வெளிப்புறம் கண்ணாடிபோல் தேய்ந்து, அரிசி மணி அளவில் பழுப்புப் புள்ளிகள் வளையமாகப் பதிந்திருக்கின்றன. ஹப்பின் போரை, அதாவது கப் உட்காரும் துளையைத் துடைத்துவிட்டு விளக்கை வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: போர் முழுவதும் சென்டர் பஞ்சால் வரிசையாகக் குத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு குத்தின் விளிம்பிலும் எழும்பி நின்ற உலோகம்தான் இதுவரை கப்பைப் பிடித்திருக்கிறது. போர் கேஜில் பார்த்தால் குத்துகளுக்கு இடையே 73.06 மி.மீ. காட்டுகிறது, கப்பின் வெளி அளவு 73.02.

இங்கே ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். போரைச் சற்றுப் பெரிதாக்கி, 73.43 மி.மீ. வெளி அளவுள்ள எல்எம்102910 கப்பைப் போடலாம் என்கிறார் ஒருவர். பேரிங் பசை ஊற்றி ஒட்டலாம் என்கிறார் இன்னொருவர். எப்படியும் புதிதாகச் செய்வதானால் எடை குறைவாக அலுமினியத்தில் கடையலாமே என்பது மூன்றாவது யோசனை. எது சரி?

பாளையங்கோட்டை இயந்திரவியல் ஆசிரியர்

நீங்கள் எடுத்த அளவுகளே ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. ஸ்டட் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 70 மி.மீ.; அங்கே 0.14 சாய்வு என்றால், 135 மி.மீ. ஆரத்தில் அது 0.27 ஆக வேண்டும், நீங்கள் கண்டது 0.26. டிஸ்க் குற்றமற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஜீப்பின் முன்சக்கரத்தில் ஸ்பிண்டில் என்ற அச்சு நிலையாக நிற்க, ஹப்பும் கப்பும் சேர்ந்து சுற்றுகின்றன. பாரமோ எப்போதும் கீழ்நோக்கி ஒரே திசையில் விழுகிறது. இப்படிச் சுற்றும் வளையத்துக்கு இறுக்கப் பொருத்தம் கட்டாயம். சிறிதளவு தளர்ந்தாலும் கப் ஒவ்வொரு சுற்றிலும் நுண்ணளவு ஊர்ந்து, போரை அரைத்து, சூட்டைக் கிளப்பும். உங்கள் கப்பில் கண்ட பழுப்புப் புள்ளிகள் அந்த அரைப்பின் அடையாளம். இடது ஹப் சுட்டதற்கும் அதுவே விடை. இந்த அளவுள்ள கப்புக்கு, போர் அதைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. வரை சிறிதாக இருக்க வேண்டும். உங்களிடம் அது 0.04 பெரிதாக இருக்கிறது.

எல்எம்102910 கப் போடலாம் என்ற யோசனை ஒரு காரணத்தால் விழுந்துவிடுகிறது. அந்த கப்புக்கு இணையான கோனின் உள் அளவு 45.242 மி.மீ.; உங்கள் ஸ்பிண்டிலில் நிற்கும் 18590 கோனின் உள் அளவு 41.275 மி.மீ. ஒரு வகையின் கப்பையும் இன்னொரு வகையின் கோனையும் கலந்து போட முடியாது. பசை நல்ல பொருள்தான், ஆனால் பஞ்ச் குத்திய போரில் அது கப்பை நடுவாக நிறுத்தாது. பிரேக் சூட்டில் அதன் வலுவும் குறையும். முன்சக்கரம் கழன்றுபோகக்கூடிய இடத்தில் அதை நம்ப வேண்டாம்.

அலுமினியம் பந்தயக் கார்களில் பயன்படுவது உண்மைதான். ஆனால் எஃகைக் காட்டிலும் அது ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. ஹப் 80 டிகிரி கூடுதலாகச் சூடானால், 73 மி.மீ. போரில் இரண்டுக்கும் உள்ள விரிவு வித்தியாசம் மட்டும் சுமார் 0.07 மி.மீ. நீங்கள் கொடுத்த இறுக்கம் முழுவதையும் அது விழுங்கிவிடும். மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறு அணைக்கட்டு வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறங்குகிறீர்கள். ஒன்றரை டன் வண்டி அந்த இறக்கத்தில் கைவிடும் ஆற்றல் கிட்டத்தட்ட 15 மெகாஜூல். எஞ்சின் தடுத்ததும் காற்று தடுத்ததும் போக மீதி அத்தனையும் பிரேக்கில்தான் வெப்பமாகிறது. எஃகு ஹப்பும் பேரிங் எஃகும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால், சூட்டிலும் இறுக்கம் நிலைக்கும். ஆகவே இஎன்8 சரியான தேர்வே. இன்னும் வலு வேண்டுமென்றால் இஎன்19 எடுக்கலாம். ஃபிளாஞ்சும் (ஸ்டட் பூட்டும் தட்டு) பீப்பாயும் (நடுக் குழாய்ப் பகுதி) சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் தாராளமான வளைவோடு கடையச் சொல்லுங்கள். வளைவில் ஒரு பக்கம் பாரம் விழும்போது விரிசல் தொடங்கும் இடம் அதுதான்.

பேட்டை லேத்

ஆசிரியர் சொன்னதோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். இடது ஹப்பைப் புதிதாகக் கடைவதே வழி. பஞ்ச் குத்துவது மாட்டு வண்டிக் கடையாணிக்கு வேண்டுமானால் பொறுக்கலாம், மலை இறங்கும் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பொறுக்காது. கடைசி வெட்டில் போர் பெரிதாகிவிட்டால் அந்தத் துண்டை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு ராடு எடுப்பதுதான் கடைசல் தொழிலுக்கு அழகு.

எப்படிக் கடைய வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் கடைசல் பட்டறையில் காட்டுங்கள். இந்த ஹப்பில் இரண்டு கப்புகளும் எதிரெதிர்ப் பக்கமாக உட்காருகின்றன, நடுவில் தோள் இருக்கிறது. அதனால் இரண்டு போரையும் சாதாரணமாக ஒரே செட்டிங்கில் எடுக்க முடியாது. ஒரு பக்கம் முடித்துத் திருப்பிப் பிடிக்கும்போதுதான் மையம் தவறுகிறது. மூன்று தாடை சக்கில் திருப்பிப் பிடித்து அப்படியே வெட்டக் கூடாது. நான்கு தாடை சக்கில் பிடித்து, முடித்த போரில் டயல் முள்ளை வைத்து 0.01-க்குள் கொண்டுவந்த பிறகே இரண்டாவது போரில் கை வைக்க வேண்டும். ஃபிளாஞ்ச் முகத்திலும், டிஸ்க்கை நடுவாக நிறுத்தும் ஸ்பிகாட்டிலும் அரை மி.மீ. மீதி விட்டுவையுங்கள்.

பிறகு ஸ்பிண்டிலைப் போலவே 41.27 மி.மீ. அளவில் ஒரு மண்டில் (ஹப்பைத் தாங்கும் தண்டு) கடைந்து, கப்புகளை அழுத்திய ஹப்பைக் கோன்களோடு அதில் ஏற்றி, ஆட்டமே இல்லாமல் நட்டை இறுக்கி, மண்டிலை இரண்டு சென்டர்களுக்கு இடையே நிறுத்துங்கள். மண்டில் நிற்க, ஹப்பை மட்டும் சுற்றி முகத்தில் முள்ளை வைத்துப் பார்த்துவிட்டு, டிரைவ் டாக் (லேத்தின் சுழற்சியைக் கடத்தும் பிடி) ஹப்பையும் சேர்த்துச் சுழற்றும்படி பூட்டி, அந்த நிலையில் முகத்தையும் ஸ்பிகாட்டையும் மெல்லிய வெட்டாக முடியுங்கள். அப்போது டிஸ்க் உட்காரும் முகம், சக்கரம் உண்மையாகச் சுற்றப்போகும் பேரிங் மையத்துக்கே செங்குத்தாகிவிடும். ஹப்பின் வெளி விட்டத்தைப் பிடித்து முகம் எடுப்பவர்கள், வண்டியில் எங்கும் இல்லாத ஒரு மையத்துக்கு முகம் எடுக்கிறார்கள். ஸ்டட் ஓட்டைகளை இதற்குப் பிறகு ஸ்பிகாட்டிலிருந்து அளந்து போடுங்கள். டிஸ்க்கை நடுவாக நிறுத்துவது ஸ்பிகாட்டின் வேலை, ஸ்டட்டின் வேலையன்று.

அம்பாசமுத்திரம் ஜீப்

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி வேறொரு பட்டறையில் மண்டில் வைத்தே கடைந்து வாங்கினோம். போர் 72.98, கப் பிரஸ்ஸில் சீராக இறங்கியது. வண்டியில் பூட்டி அளந்தபோது ஹப் முகம் 0.02, டிஸ்க் விளிம்பு 0.05. இன்னும் சாலையில் ஓட்டவில்லை. பழைய ஹப்பில் இடது பக்கத்து ஸ்டட்டுகள் இடது மரையாக இருந்தன. புதியதில் இரு பக்கமும் வலது மரை அரை அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவின் நுண்மரை) போட்டிருக்கிறோம். அது போதுமா? பேரிங் நட்டை எவ்வளவு இறுக்குவது?

தென்காசி மெக்கானிக்

வலது மரை போதும். கூம்பு முகமுள்ள சரியான நட்டும் டார்க் ரெஞ்சும் இருந்தால் கழலாது. ஆனால் இனி சக்கரம் மாற்றும் யாருக்கும் குழப்பம் வராமல், மீதமுள்ள பழைய இடது மரை நட்டுகளைக் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பேரிங் நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, ரோலர்கள் உட்கார்ந்த பிறகு தளர்த்தி, பூட்டு நட்டைப் போட்ட பின் டயல் கேஜில் முன்பின் ஆட்டம் 0.03 முதல் 0.12 மி.மீ.க்குள் வருமாறு வையுங்கள். பூட்டு நட்டு இறுகும்போது அளவு மாறும் என்பதால் கடைசி அளவு அதற்குப் பிறகே. புதிய பேட்டைச் சமதளத்தில், அம்பை–கல்லிடைக்குறிச்சிச் சாலையில் போக்குவரத்துக் குறைந்த வேளையில், மிதமான வேகத்திலிருந்து முழுவதும் நிறுத்தாமல் வேகம் குறைத்துக் குறைத்துப் பழக்குங்கள், இடையிடையே ஆறவிடுங்கள். திரும்பி வந்ததும் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்து, சூடு சமமாக இருக்கிறதா என்று எழுதுங்கள். கப் புதிதாக அமர்ந்திருப்பதால், மலைக்குப் போகும் முன் ஆட்டத்தையும் சக்கர நட்டுகளையும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே கடைசல் ரசீது, ராடு வாங்கிய பில், அளவெடுத்த தாள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.