குளிர்கால டயர்களை எங்கே வைப்பது?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். இங்கே பனி விட்டுவிட்டது, வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. இனியும் குளிர்கால டயரில் ஓட்டினால் அந்த மென்மையான ரப்பர் சீக்கிரம் தேய்ந்துபோகும், அதனால் இந்த வாரம் கழற்றப் போகிறேன்.

கழுவிக் காயவைத்து, எது எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி வைப்பதுவரை சரி. அப்புறம்தான் குழப்பம். ரிம் இல்லாத டயர்கள், நிறுத்திவைத்து அவ்வப்போது உருட்டிவிட வேண்டும். இருப்பதோ ஒரு பால்கனி, மதியம் முழுக்க வெயில். கனமான கறுப்புப் பையில் கட்டி வைத்தால் போதுமா, உள்ளே சூடேறி வெடிப்பு விட்டுவிடுமா? கீழே ஸ்டோர் ரூமில் இடம் உண்டு, ஆனால் பக்கத்திலேயே மோட்டார் ஓடுகிறது. அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பருக்கு ஆகாதே!

இன்னொன்று, டயரின் பக்கவாட்டில் 2319 என்று இருக்கிறது. அதாவது 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. டயரின் வரிப்பள்ளத்தின் ஆழம் இன்னும் 5 மி.மீ. இருக்கிறது, விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. அடுத்த குளிருக்கும் இதையே மாட்டலாமா? கடைக்காரர் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். பால்கனியில் வைத்துப் பார்த்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.