ஜான் ஸ்பெர்லிங்: வேலைக்குப் போகிறவர்களுக்காகத் தொடங்கிய பல்கலைக்கழகம் வழக்குகளில் சிக்கியது ஏன்?

வைகைக்கரை (கேள்வி):
அமெரிக்கத் தனியார் உயர்கல்வி பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காகப் படித்துவருகிறேன். பீனிக்ஸ் பல்கலைக்கழகத்தை நிறுவிய ஜான் ஸ்பெர்லிங்கின் வாழ்க்கைதான் எனக்குப் பிடிபடவில்லை. 1921இல் மிசௌரி மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்டு, வணிகக் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் புத்தகங்களின் பக்கம் திரும்பி, பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். சான் ஹொசே அரசுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது ஆசிரியர் சங்கத்தின் தலைமையில் நின்று வேலைநிறுத்தமும் நடத்தியிருக்கிறார். தொழிற்சங்கத்தில் ஊறிய ஒருவர் தொடங்கிய நிறுவனம், மாணவர் சேர்க்கையில் முறைகேடு செய்ததாக எப்படிக் குற்றம் சாட்டப்பட்டது? அவர் நோக்கம் தொடக்கத்திலிருந்தே லாபம்தானா?

பொருநை:
தொடக்கத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1970களின் தொடக்கத்தில் அரசு நிதியுதவியுடன், காவலர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் சிறார் குற்றம் பற்றி அவர் வகுப்பெடுத்தார். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த அவர்கள், பட்டப்படிப்பாகவே இதைத் தரக்கூடாதா என்று கேட்டார்கள். அவர் தம் கல்லூரியிடம் அந்தத் திட்டத்தைக் கொண்டுபோனபோது அது ஏற்கவில்லை. ஓய்வைப் பற்றி நினைக்கத் தொடங்கும் வயதில், 53ஐ ஒட்டி, சொந்தச் சேமிப்பைப் போட்டு அவர் நிறுவனம் தொடங்கியதற்கு அந்த மறுப்பே காரணம். கலிபோர்னியாவில் அங்கீகார அமைப்போடு மோதல் முற்றியதால் அரிசோனாவுக்குப் போய், 1976இல் பீனிக்ஸ் பல்கலைக்கழகத்தை நிறுவினார். இரண்டே ஆண்டுகளில் அதற்கு அங்கீகாரமும் கிடைத்தது.

வகுப்பு மாலையில், ஒரு நேரத்தில் ஒரே பாடம், சில வாரங்களில் அதை முடித்துவிட்டு அடுத்தது, கற்பிப்பவர்களும் அந்தந்தத் துறையில் பகலில் பணியாற்றுபவர்கள் என்பதுதான் அமைப்பு. பதினெட்டு வயதுக்காரர்களை மட்டுமே மாணவர்களாகக் கருதிய காலத்தில் இது உண்மையான சேவை. 1989இலேயே இணையவழிப் பட்டப்படிப்பையும் தொடங்கிவிட்டார்கள். இந்தப் பங்களிப்பை மறைத்துவிட்டு எழுதினால் உங்கள் கட்டுரை அவருக்கு நியாயம் செய்யாது.

நெய்தல்:
பொருநை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அவரது மனத்தை ஆராய்வதைவிட, பணம் வந்த வழியைப் பார்த்தால் உங்களுக்குத் தெளிவு கிடைக்கும். கட்டணத்தின் பெரும்பகுதி கூட்டரசின் கல்விக் கடனாகவும் உதவித்தொகையாகவும் வந்தது. மாணவர் சேர்ந்ததும் பணம் கல்லூரிக்குப் போய்விடும். அவர் பாதியில் நின்றாலும் கடன் அவர் தலையில்தான், திவாலானாலும் அதிலிருந்து விடுபடுவது மிகக் கடினம். ஆகவே படிப்பை முடிப்பவர்களைவிட, புதிதாகச் சேருபவர்களே வருமானத்தை உயர்த்தினார்கள். 1994இல் தாய் நிறுவனமான அப்போலோ குழுமம் பங்குச்சந்தைக்கு வந்தபின், ஒவ்வொரு காலாண்டிலும் வளர்ச்சியைக் காட்டியாக வேண்டிய நெருக்கடியும் சேர்ந்துகொண்டது.

சேர்க்கை எண்ணிக்கையை வைத்து ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை தருவதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2002இல் அதற்கு விதிவிலக்குகள் பல சேர்க்கப்பட்டன. இந்தத் தடையை மீறியதாக முன்னாள் ஊழியர்கள் இருவர் தொடுத்த வழக்கில், 2009இல் நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே அரசுக்கு 6.75 கோடி டாலர் தர இசைந்தது. அடுத்த ஆண்டு மாணவர் எண்ணிக்கை நான்கரை லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டு, பிறகு வேகமாகச் சரிந்தது.

வைகைக்கரை:
மிக்க நன்றி. அப்படியானால் 2019ஆம் ஆண்டு வழக்கு இதிலிருந்து வேறானதா?

நெய்தல்:
ஆம், அது விளம்பரம் பற்றியது. மைக்ரோசாஃப்ட், ட்விட்டர் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து தங்கள் மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு உருவாக்குவதாகத் தோன்றும்படி விளம்பரம் செய்ததாகக் கூட்டரசு வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 19.1 கோடி டாலரில் சமரசம் ஏற்பட்டது. அதில் 5 கோடி ரொக்கம், மீதி 14.1 கோடி, மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகத் தரவேண்டியிருந்த பாக்கியின் தள்ளுபடி. கூட்டரசுக் கடன்கள் இந்தத் தள்ளுபடிக்குள் வரவில்லை என்பதைக் கட்டுரையில் அவசியம் குறிப்பிடுங்கள். பாதிக்கப்பட்ட பலருக்குச் சுமையாக நின்றது அந்தக் கடன்தான், அதை எண்ணும்போது இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

பொருநை:
ஒரு சிறு சேர்க்கை. ஸ்பெர்லிங் 2012இன் இறுதியில் தலைவர் பொறுப்பிலிருந்து விலகி, 2014 ஆகஸ்டில் 93 வயதில் இறந்தார். எனவே 2019 சமரசத்தை அவர் பெயரோடு நேரடியாக இணைக்காதீர்கள். ஊக்கத்தொகை வழக்கு நடந்தபோது அவர் பொறுப்பில் இருந்தார். உங்கள் கேள்வியை அந்த ஆண்டுகளை நோக்கித் திருப்புவதே சரியாக இருக்கும்.