பனிச்சரிவு விழும் மலையில் செம்புச் சுரங்கம்: 17 கிலோமீட்டர் குடைவது கட்டுப்படியாகுமா?

திருச்செங்கோட்டு ரிக்காரர்:
எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுகிறது. சுரங்கப் பொறியியல் படிக்கும் என் மகன், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள கிராண்டக் செம்புச் சுரங்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான். 1965 பிப்ரவரி 18 அன்று அங்கே லெடக் முகாமின்மேல் பனிச்சரிவு விழுந்து 26 பேர் இறந்திருக்கிறார்கள். தாதை வெளியே கொண்டுவரப் பனியாறுகளுக்கு அடியில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சுரங்கப்பாதை குடைந்தார்களாம். பாறையில் ஓர் அடி இறங்க என்ன செலவாகும் என்று அறிந்தவன் என்பதால் கேட்கிறேன்: மேலேயே சாலை போட்டிருக்கக் கூடாதா?

கோவை நிலவியலாளர்:
ஐயா, அந்த மலையில் பாறைக்குள் இருப்பவனைவிட வெளியே கொட்டகையில் தூங்குபவனுக்குத்தான் ஆபத்து அதிகம். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை சரிவுகளில் தொடங்குகின்றன. அதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி அதிகம் சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். எனவே முகாமுக்கு இடம் பார்க்கும்போது கட்டடம் நிற்கப்போகும் சமதளத்தை மட்டும் அளந்தால் போதாது, அதற்கு மேலே உள்ள சரிவு முழுவதையும் பார்க்க வேண்டும். காட்டின் நடுவே மேலிருந்து கீழாகப் பெரிய மரமே இல்லாத பட்டை தெரிந்தால், பனி அவ்வழியே முன்பும் இறங்கியிருக்கக்கூடும். சிலியின் ஆண்டினா செம்புச் சுரங்கத்தில் தாது அரைக்கும் ஆலையையே மலைக்குள் குடைந்து வைத்திருக்கிறார்கள். அதே நாட்டின் செவெல் சுரங்க நகரில் 1944 பனிச்சரிவு 102 உயிர்களைக் கொண்டுபோனது.

மேட்டுப்பாளையம் வாசகர்:
நிலவியலாளர் சொல்வது சரியே. ஆனால் சுரங்கப்பாதை குடைந்ததால் சாலைச் செலவு மிச்சமானதாக எண்ண வேண்டாம். கிராண்டக்கில் அந்தப் பாதை டைட் ஏரிவரைதான் வந்தது. அங்கே அரைத்த செம்புத்தூள், சால்மன் பனியாற்றின் ஓரமாகவும் அலாஸ்காவின் ஹைடர் வழியாகவும் லாரியில் ஸ்டூவர்ட் துறைமுகம் சேர வேண்டியிருந்தது. இங்கே குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் ஐப்பசி, கார்த்திகையோடு தொல்லை தீரும். அங்கே சுரங்கம் நடந்த காலத்தில் குளிர்காலம் முழுவதும் பனி அகற்றும் வண்டிகள் ஓய்ந்ததில்லை.

திருச்செங்கோட்டு ரிக்காரர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் போட்ட முதல் திரும்பியதா?

மேட்டுப்பாளையம் வாசகர்:
1970களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கி 1978இல் நின்றது. மீண்டும் திறந்து 1984இல் மூடினார்கள். செம்பு விலை இறங்கியதுதான் காரணம், பனி அல்ல. எனவே தம்பியைக் கட்டுரையில் செம்பு விலைக்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.