மொறிஸ் மைனர் பிக்கப்: இப்போதைய நிலை

யாழ்ப்பாணத்தில் வாங்கிய 1965 மொறிஸ் மைனர் பிக்கப்பை கம்பனியிலிருந்து வந்தபடியே மீட்கப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) எப்படி இருந்தது என்றுதான் பலர் கேட்டிருந்தீர்கள்.

மைனர் காருக்குத் தனிச் சேசிஸ் இல்லை, பிக்கப்புக்கு உண்டு. அதனால் பின்பெட்டியை முழுதாகக் கழற்றிப் பார்க்க முடிந்தது. பின் ஸ்பிரிங் கொழுவும் இடங்களில்தான் கறள் தின்றிருந்தது. அங்கே வெட்டிப் புதுத் தகடு ஒட்டியாகிவிட்டது.

பெரிய வேலை வயரிங். யாரோ முன்பு பற்றரியைச் சார்ஜ் பண்ண ஒல்டர்னேட்டர் பூட்டி, நெகட்டிவ் எர்த்துக்கு, அதாவது பற்றரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உடலோடு சேரும்படி, மாற்றியிருந்தார்கள். இந்த வண்டி பிறந்தது அதற்கு நேர்மாறான பாசிட்டிவ் எர்த்தில், ஒல்டர்னேட்டரின் வேலையைச் செய்யும் பழைய வகை டைனமோவோடு. இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தேன். வயர்களைப் பூட்டுமுன் பற்றரியின் நெகட்டிவிலிருந்து ஒரு வயரை டைனமோவின் எஃப் (ஃபீல்ட்) முனையில் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் அது சரியான திசையில் சார்ஜ் பண்ணும். பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பூட்ட வேண்டும். ஒல்டர்னேட்டரே வசதி என்பது உண்மைதான், ஆனால் நான் தேடியது வசதியை அல்ல.

1098 சிசி எஞ்சினைத் திறக்கத் தேவைப்படவில்லை, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) நாலு சிலிண்டரிலும் சமம்.

அப்புறம், மைனர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முன்சில்லைத் தாங்கித் திரும்ப விடும் மூட்டான ட்ரனியனுக்குத் தவறாமல் கிறீஸ் அடியுங்கள். அது தேய்ந்து கழன்றால் ஓடும்போதே சில்லு மடங்கிவிடும். என்னுடையதில் இரண்டையும் புதிதாகப் போட்டுவிட்டேன்.

பெயின்ட் இனித்தான்.