வலையமைப்பு வெளி நிறுவனத்துக்குப் போகிறது: கிளை அலுவலகங்களை எப்படித் தயார்ப்படுத்துவது?

செம்பனைக்காடு எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். இதுவரை நாங்களே பராமரித்து வந்த வலையமைப்பு, அடுத்த ஆண்டு மே மாதம் முதல் ஒரு வெளி நிறுவனத்தின் பொறுப்புக்குப் போகிறது. எங்களோடு நான்கு சிறிய அலுவலகங்களும் மாற வேண்டும். வந்த சுற்றறிக்கையில் தேதி இருக்கிறதே தவிர, அதற்குமுன் நாங்கள் செய்து வைக்க வேண்டியவை எவை என்பது இல்லை. எங்கள் சேவை முகப்புக்கு வருபவர்களில் பலர் தோட்டத்தில் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள். அவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய வயர்மேன் எழுதியது:
தம்பி, முதலில் தேதியை மாற்றச் சொல்லுங்கள். நில வரி கட்ட மே 31 கடைசி நாள். கூட்டம் நெரியும் மாதத்தில் கம்பியைப் பிடுங்கக் கூடாது. அடுத்ததாக, எந்தச் சாதனம் எதில் இணைந்திருக்கிறது என்பதை வரைபடத்தை நம்பி எழுதாமல் நேரில் நடந்து பார்த்து எழுதுங்கள். நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் கூரைப் பலகையைத் தூக்கியபோது, எந்தக் கணக்கிலும் இல்லாத ஒரு சுவிட்ச் (பல சாதனங்களை வலையமைப்பில் இணைக்கும் பெட்டி) தூசிக்குள் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. வரிசை எண் கொடுக்கும் இயந்திரமும் கைரேகை வருகைப் பதிவுக் கருவியும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. இத்தகைய கருவிகளில் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் எண்ணை, கையால் பதித்திருப்பார்கள். புது நிறுவனம் முகவரி வரிசையை மாற்றினால் கணினிகள் தாமாகப் புது முகவரி பெற்றுக்கொள்ளும், இவை பெறாது.

ஈப்போ இணைப்பு எழுதியது:
ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சேவைகளின் டிஎன்எஸ் பதிவுகளில் (இணையப் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவுகள்) ஆயுட்காலம், அதாவது மற்றக் கணினிகள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம், 86,400 விநாடி என்று இருந்தால், மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே அதை 300 ஆகக் குறைத்து விடுங்கள். இல்லாவிட்டால் சிலருக்கு ஒரு நாள் முழுக்கப் பழைய முகவரியே கிடைத்துக்கொண்டிருக்கும்.

ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். 99.5 விழுக்காடு சேவை உறுதி என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் 30 நாளில் 3 மணி 36 நிமிடம் இணைப்பு அறுந்திருக்கலாம் என்பதே அதன் பொருள், அந்த நேரம் முழுவதும் ஒரே திங்கட்கிழமைக் காலையில் விழுந்தாலும் நிறுவனம் ஒப்பந்தத்தை மீறியதாகாது. அளவீடு அலுவலக நேரத்துக்குத் தனியாக இருக்க வேண்டும். இன்னொன்று, 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்பதால், பொதுமக்களின் விவரங்களை நிறுவனம் எப்படிக் கையாள வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பழைய வயர்மேன் எழுதியது:
பழைய இணைப்பை அன்றே துண்டிக்காதீர்கள். ஒரு சம்பள நாளும் ஒரு மாதக் கணக்கு முடிப்பும் புது இணைப்பில் ஓடி முடியட்டும். இரண்டு கட்டணம் வருகிறதே என்று கணக்குப் பிரிவு முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும்.

செம்பனைக்காடு எழுதியது:
மிக்க நன்றி. நேற்று மாலை முகப்பு மூடியபின் நடந்து பார்த்தோம். பட்டியலில் 41 சாதனங்கள் இருந்தன. எண்ணியதில் 53 வந்தன. தேதியை ஜூலைக்குத் தள்ளக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன்.