கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் பெடல் உள்ளே போகிறது

கொல்லிமலையிலிருந்து காரவள்ளி பக்கம் இறங்கும்போது, 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியதும் பெடல் மெத்தென்று ஆகி, கிட்டத்தட்ட தரை வரை போய்விடுகிறது. கூடவே கருகல் வாடை. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டால் பழையபடி கெட்டியாகிறது. ஏற்றத்திலும் சமதளத்திலும் ஒரு தொந்தரவும் இல்லை.

வண்டி 2017 மாடல் டீசல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மார்ச்சிலிருந்து இப்படி. இறக்கம் முழுக்க இரண்டாவது கியர், வளைவில் முதல் கியர். பிரேக்கை விட்டுவிட்டுத்தான் மிதிக்கிறேன்.

முன் பிரேக் பேட் இரண்டு பக்கமும் புதுசு. டாட் 4 பிரேக் ஆயில் முழுதாக மாற்றி, நாலு சக்கரத்தின் பிரேக் லைனிலும் காற்று எடுத்தாயிற்று. கசிவு இல்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஆகவே எங்கோ வேண்டாத சூடு ஏறுகிறது.

சந்தேகம் வலது முன் சக்கரத்தின் மேல். ரிம் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு. இடது பக்கம் வெதுவெதுப்புதான். கழற்றிய பழைய பேடில் உள்பக்கம் அதிகம் தேய்ந்திருந்தது. காலிப்பர் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) நகரும் ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் வைத்தும் மாற்றமில்லை. ஜாக்கி போட்டுச் சுற்றினால், ஆறியபோது லேசாகச் சுற்றுகிறது, சூட்டில் பிடிக்கிறது. அப்போது பிளீடர் நிப்பிளை (காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) தளர்த்தினால் பிடிப்பு குறைகிறது, ஆனால் முழுதாக விடுவதில்லை. பிடிப்பு குறைவதால் ஆயிலைக் காலிப்பருக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் அடைத்திருக்குமோ, முழுதாக விடாததால் காலிப்பரே இறுகியிருக்குமோ என்று முடிவுக்கு வர முடியவில்லை.

இந்த அறிகுறிகளுக்கு முதலில் மாற்ற வேண்டியது காலிப்பரையா, ரப்பர் ஹோஸையா?